காவேரி எழுதிய மனு

புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்பேட்டை. அதன் வாசலில் ஐந்தாறு கடைகள் உண்டு. டீக்கடை, பெட்டிக்கடை, பஞ்சர் கடை. நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடை. எல்லோரும் அதை மெஸ் என்பார்கள்.

ஏழுமலை தொழிற்பேட்டையில் லோடு ஏற்றும் வேலை செய்கிறான். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். மதியம் இரண்டு மணிக்கு முடியும். வேலை முடிந்ததும் மெஸ்ஸில் சாப்பிடுவான். கையில் காசு இல்லாத நாளும் சாப்பிடலாம். முதலாளி நோட்டில் எழுதிக் கொள்வார். சம்பளம் வந்ததும் கொடுத்தால் போதும்.

அன்று வியாழக்கிழமை. மெஸ்ஸில் முட்டைக் குழம்பு. ஏழுமலை வயிறாரச் சாப்பிட்டான். மகள் செல்வியின் நினைவு வந்தது. அவளுக்கு ஆறு வயது. முட்டைக் குழம்பு என்றால் உயிர். ஒரு பார்சல் கட்டச் சொன்னான். சோற்றைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்கள். செல்வி நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஆசையோடு சாப்பிட்டாள்.

ஆறு மணிக்கு ஏழுமலைக்கு வாந்தி எடுத்தது. ஏழு மணிக்குச் செல்விக்கும் வாந்தி வந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை துவண்டு போனாள். கண் உள்ளே போய்விட்டது. நாக்கு வறண்டு விட்டது. மாலையில் இருந்து சிறுநீர் போகவில்லை.

காவேரி குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். ஏழுமலை தள்ளாடிக் கொண்டே பின்னால் வந்தான்.

நர்சம்மா கேட்ட கேள்விகள்

டாக்டர் செல்விக்கு ஊசி வழியாக நீர் ஏற்றினார். ஏழுமலைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு முழுப் பாக்கெட். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள்.

நர்சம்மா ஒரு நோட்டை எடுத்தார்.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க? எங்க சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு?”

காவேரி எல்லாம் சொன்னாள்.

“வீட்டுல நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“காலையில பழையது. மத்தியானம் கீரைக் குழம்பு. எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

நர்சம்மா நோட்டைத் திருப்பினார். “இன்னைக்கு சாயந்திரத்துல இருந்து இதே மாதிரி மூணு பேர் வந்துட்டாங்க. மூணு பேரும் அதே மெஸ்ஸுல முட்டைக் குழம்புதான் சாப்பிட்டிருக்காங்க” என்றார்.

ஏழுமலைக்கு நம்பிக்கை வரவில்லை. “குழம்பு நல்லா சூடாத்தானே இருந்தது? கெட்ட வாடையும் இல்ல. ருசியும் மாறல” என்றான்.

“வாடையையும் ருசியையும் வச்சு எப்பவும் கண்டுபிடிக்க முடியாதுப்பா” என்றார் நர்சம்மா. அவர் ஒரு கணக்குச் சொன்னார்.

சமைத்த சாப்பாடு இளஞ்சூட்டில் கிடந்தால் அதில் கிருமி பெருகும். வெதுவெதுப்பான இடத்தில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்கு ஆகும். ஒரே ஒரு கிருமி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 8 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நாலு மணி நேரத்தில் 4,096 ஆகும்.

“மறுபடியும் கொதிக்க வச்சா செத்துப் போகாதா?” என்று கேட்டாள் காவேரி.

“கிருமி சாகும். ஆனா சில கிருமிங்க சாப்பாட்டுல நஞ்சை விட்டுடும். அந்த நஞ்சு கொதிக்க வச்சாலும் போகாது. நேத்து மிஞ்சினதை வெளியே வச்சிருந்து, இன்னைக்கு சூடு பண்ணிக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்.”

காவேரி குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். விடிந்த பிறகுதான் செல்வி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்சம்மா சொன்னார்: “இந்தச் சீட்டைப் பத்திரமா வை. தேதி, நேரம், நோய் எல்லாம் இதுல இருக்கு. பார்சல்ல மிச்சம் இருக்கா?”

இல்லை. பாத்திரத்தைக் கழுவி விட்டாள். காகிதத்தைக் குப்பையில் போட்டு விட்டாள்.

“சரி, பரவாயில்ல. உணவு பாதுகாப்புத் துறைன்னு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு மனு எழுதிப் போடு. உனக்குத்தான் எழுதத் தெரியுமே.”

பலகையில் இருந்த எண்

காவேரி எழுத்துக் கற்று இரண்டு வருடம் ஆகிறது. பஸ் பெயர் படிப்பாள். ரேஷன் கார்டு படிப்பாள். மனு எழுதியது இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் குழந்தையோடு இருந்தாள். சனிக்கிழமை மெஸ்ஸுக்குப் போனாள். கடைக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்தாள். சாமி படம் இருந்தது. காலண்டர் இருந்தது. காலண்டருக்குப் பின்னால் ஏதோ ஒரு பலகையின் ஓரம் தெரிந்தது. காற்று அடித்தபோது காலண்டர் விலகியது. உள்ளே ஒரு நீண்ட எண். காவேரி விரல் விட்டு எண்ணினாள். பதினான்கு இலக்கம். அதைக் கையில் இருந்த சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொண்டாள்.

அது கடையின் உரிம எண். உணவு விற்கும் ஒவ்வொரு கடையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அல்லது உரிமம் பெற வேண்டும். சிறிய கடைக்குப் பதிவு. பெரிய கடைக்கு உரிமம். இரண்டுக்கும் 14 இலக்க எண் உண்டு. அது எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

காவேரி கடையின் பின்பக்கம் போனாள். அங்கே அஞ்சலை அக்கா பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தாள். காவேரி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் வீடு. கணவன் இல்லை. இரண்டு பையன்கள். இந்த மெஸ்ஸில் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள்.

காவேரி சுற்றிலும் பார்த்தாள். ஒரே தொட்டியில் எல்லாத் தட்டும் முங்கி எழுந்தன. தண்ணீர் குழம்பு நிறத்தில் இருந்தது. வெட்டும் பலகையில் ஒரு பையன் கோழிக்கறி வெட்டினான். வெட்டி முடித்ததும் அதே பலகையில் வெங்காயம் அரிந்தான். பலகையைக் கழுவவில்லை. ஒரு அண்டாவில் சோறு மூடாமல் இருந்தது. அதன் மேல் ஈ மொய்த்தது. பக்கத்திலேயே சாக்கடை. கை கழுவக் குழாய் எங்கும் இல்லை.

“வியாழக்கிழமை கொடுத்த முட்டைக் குழம்பு எப்ப வச்சதுக்கா?” என்று கேட்டாள் காவேரி.

அஞ்சலை தலை நிமிரவில்லை. மெதுவாகச் சொன்னாள்: “புதன்கிழமை வச்சது.”

“வயிற்றில் அடிக்காதே”

காவேரி முதலில் முதலாளியிடம் போனாள். அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, வியாழக்கிழமை உங்க குழம்பைச் சாப்பிட்டு என் குழந்தை செத்துப் பொழைச்சா. வேற மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. மிஞ்சினதைக் கொடுக்காதீங்கண்ணே. பின்னாடி ஒரு குழாய் போடுங்க.”

முதலாளி முகம் சிவந்தது. “என் கடையில தினம் நூறு பேர் சாப்பிடறான். அவனுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல. உன் குழந்தை வெளியில என்ன தின்னுச்சோ!” என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தணித்தார். “சரி, ஏழுமலை ஒரு வாரம் காசு இல்லாம சாப்பிடட்டும். இதைப் பெரிசு பண்ணாதே.”

காவேரி ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தாள்.

“விட்டுடு காவேரி” என்றான் ஏழுமலை. “நோட்டுல 640 ரூபாய் பாக்கி இருக்கு. நாளைக்குக் கையில காசு இல்லன்னா யார் சோறு போடுவான்?”

இரவு அஞ்சலை வந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்து விட்டது.

“எழுதப் போறியாமே. கடையை மூடிட்டா நான் எங்க போவேன்? என் பசங்க எங்க போவாங்க? என் வயித்துல அடிக்காதே காவேரி.”

காவேரிக்குப் பதில் தெரியவில்லை. செல்வி பாயில் தூங்கிக் கொண்டிருந்தாள். கையில் ஊசி போட்ட இடத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. நர்சம்மா செல்வியைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அஞ்சலையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“புகார் கொடுத்தா உடனே கடையை மூடிடுவாங்கன்னு யார் சொன்னது?” என்றார். “சட்டம் அப்படிச் சொல்லல. முதல்ல அதிகாரி வந்து பார்ப்பார். குறை இருந்தா, இன்னதைச் சரி செய்ன்னு எழுத்துல கொடுப்பாங்க. அதுக்கு மேம்பாட்டு அறிவிப்புன்னு பேர். சரி செய்ய 14 நாளுக்குக் குறையாம தவணை கொடுக்கணும். அப்பவும் செய்யலன்னாதான் உரிமத்தை நிறுத்தி வைப்பாங்க. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாதான் உடனே தடை.”

அஞ்சலை கேட்டுக் கொண்டிருந்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகி இருந்தது.

“ஐந்து வருஷமா அந்தத் தொட்டித் தண்ணியிலதான் கை வைக்கிறேன். கக்கூஸ் போய் வந்தாலும் கை கழுவ அங்க குழாய் இல்லம்மா. மொதலாளிகிட்ட நான் கேட்க முடியுமா?” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “எழுது காவேரி. குழாய் இல்லன்னு எழுது. என் பேரை மட்டும் எழுதாதே.”

முதல் கடிதமும் இரண்டாம் கடிதமும்

காவேரி அன்று இரவே உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை நர்சம்மாவிடம் காட்டினாள். அதில் இப்படி இருந்தது:

“ஐயா, அந்த மெஸ் ரொம்ப மோசம். முதலாளி ஈவு இரக்கம் இல்லாதவன். அங்கே எல்லாம் விஷம். அவனை ஜெயிலில் போட வேண்டும்.”

நர்சம்மா படித்தார். “உன் கோபம் எனக்குப் புரியுது. ஆனா இதைப் படிச்சா அதிகாரிக்கு என்ன தெரியும்? எந்தக் கடை? எந்த நாள்? நீ எதைக் கண்ணால பார்த்தே? அதை எழுது. பார்க்காததை எழுதாதே. திட்டாதே” என்றார்.

காவேரி மறுபடியும் எழுதினாள். மூன்று முறை அடித்துத் திருத்தினாள். நாலாவது காகிதத்தில் மனு இப்படி அமைந்தது:

நாள்: 12.8.2024

அனுப்புநர்:
காவேரி, க/பெ ஏழுமலை,
(வீட்டு முகவரி, தொலைபேசி எண்)

பெறுநர்:
நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்புத் துறை,
புதுச்சேரி.

ஐயா,

பொருள்: உணவு விடுதியில் சுகாதாரக் குறைவு பற்றிய புகார்.

வணக்கம். தொழிற்பேட்டை வாசலில் உள்ள ........ உணவு விடுதியில் 8.8.2024 வியாழக்கிழமை மதியம் 2.15 மணிக்கு என் கணவர் முட்டைக் குழம்பும் சோறும் சாப்பிட்டார். அங்கே வாங்கிய பார்சலை என் மகள் (வயது 6) மாலை 4 மணிக்குச் சாப்பிட்டாள். 6 மணிக்குக் கணவருக்கும் 7 மணிக்கு மகளுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. அன்று இரவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவரும் சிகிச்சை பெற்றார்கள். சீட்டின் நகல் இணைத்துள்ளேன். நான் அந்த உணவைச் சாப்பிடவில்லை. எனக்கு நோய் இல்லை.

10.8.2024 காலை 11 மணிக்கு அந்தக் கடையின் பின்பக்கம் நான் நேரில் பார்த்தவை:

1. எல்லாத் தட்டுகளையும் ஒரே தொட்டித் தண்ணீரில் கழுவினார்கள்.
2. கோழிக்கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரிந்தார்கள்.
3. சமைத்த சோறு மூடாமல் இருந்தது. ஈ மொய்த்தது.
4. வேலை செய்பவர்கள் கை கழுவக் குழாய் இல்லை.
5. சமைக்கும் இடத்தை ஒட்டித் திறந்த சாக்கடை உள்ளது.

8.8.2024 அன்று பார்சல் சோற்றைச் செய்தித்தாளில் கட்டிக் கொடுத்தார்கள்.

கடையின் உரிம எண்: (14 இலக்கம்)

தாங்கள் நேரில் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக் கொள்கிறேன்.

இப்படிக்கு,
காவேரி

இந்த மனுவில் ஒரு வசவு கூட இல்லை. ஆனால் படிப்பவர் கண் முன்னே கடை தெரிகிறது.

புதன்கிழமை வைத்த குழம்பு என்று அஞ்சலை சொன்னாளே, அது மனுவில் இல்லை. ஏன்? காவேரி அதைத் தன் கண்ணால் பார்க்கவில்லை. எழுதினால் அஞ்சலை மாட்டிக் கொள்வாள்.

காவேரி மனுவை ஒரு நகல் எடுத்தாள். திங்கட்கிழமை பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள். அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தாள். நகலில் தேதி போட்டு முத்திரை வைத்துத் தரச் சொன்னாள். எழுத்தர் முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்தாள்.

அதிகாரி வந்தார்

இரண்டு நாள் கழித்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு உணவு பாதுகாப்பு அலுவலர் மெஸ்ஸுக்கு வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். நேராக அடுப்படிக்குப் போனார். குளிர்ப்பெட்டியைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். வேலை செய்பவர்களின் மருத்துவச் சான்று கேட்டார். உணவைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அங்கே ஒருவருக்கும் செய்யவில்லை.

குழம்பிலும் எண்ணெயிலும் மாதிரி எடுத்தார். மாதிரியை நாலு பங்காகப் பிரித்து முத்திரை வைத்தார். ஒரு பங்கு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். உணவுப் பகுப்பாய்வாளர் மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்.

ஆனால் ஒன்றை அலுவலர் வெளிப்படையாகச் சொன்னார். வியாழக்கிழமைக் குழம்பு வியாழக்கிழமையோடு போய்விட்டது. இன்று எடுக்கும் மாதிரி அன்றைய குழம்பைப் பற்றிச் சொல்லாது. அன்றே தகவல் வந்திருந்தால், மிச்சம் இருந்திருந்தால், அதையே சோதித்திருக்கலாம்.

ஆனாலும் அடுப்படி பொய் சொல்லவில்லை. மனுவில் இருந்த குறைகள் அப்படியே இருந்தன. நியமன அலுவலரிடம் இருந்து மேம்பாட்டு அறிவிப்பு வந்தது. 15 நாள் தவணை. மறுபடியும் வந்து பார்ப்பேன் என்றார் உணவு பாதுகாப்பு அலுவலர்.

பிறகு நடந்தது

முதலாளி இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டார். பின்பக்கம் குழாய் வந்தது. குழாயடியில் சோப்பு வந்தது. பாத்திரம் கழுவ மூன்று தொட்டிகள் வந்தன. கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை என்று ஆனது. சாக்கடைக்கு மூடி போட்டார்கள். செய்தித்தாள் போய் வாழை இலை வந்தது. அஞ்சலையும் மற்றவர்களும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார்கள். அஞ்சலையின் கைப் புண்ணுக்கு டாக்டர் களிம்பு கொடுத்தார்.

கடை மூடவில்லை. அஞ்சலைக்கு வேலை போகவில்லை.

ஆனால் எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு விலை ஐந்து ரூபாய் கூடியது. “உங்க வீட்டம்மாவால வந்தது” என்று சிலர் ஏழுமலையைக் குத்திக் காட்டினார்கள். மனுவில் பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதியிருந்தாலும், முதலாளிக்கு ஆள் யார் என்று தெரிந்துதான் இருந்தது. அவள்தானே முதலில் நேரில் போய்ச் சொன்னவள்! அவர் ஏழுமலைக்கு நோட்டில் எழுதுவதை நிறுத்தி விட்டார். 640 ரூபாய் பாக்கியை இரண்டு சம்பளத்தில் கட்ட வேண்டி வந்தது. அந்த இரண்டு மாதமும் காவேரி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஒருநாள் காவேரி செல்வியோடு அந்தப் பக்கம் போனாள். காலண்டர் வேறு சுவருக்குப் போயிருந்தது. உரிமப் பலகை வாசலில் தெரிந்தது. செல்வி அதைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு எண்ணாக வாய் விட்டுப் படித்தாள். பதினான்காவது எண்ணைப் படித்து முடிக்கும் வரை காவேரி பக்கத்தில் நின்றாள். கல்லாவில் இருந்த முதலாளி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காவேரியும் ஒன்றும் சொல்லவில்லை.

தெரிந்து கொள்வோம்

சட்டம் என்ன சொல்கிறது? உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-ஆம் ஆண்டு வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் இருந்தது. சுத்தம் இல்லாத இடத்தில் உணவு தயாரித்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கெட்ட உணவால் உயிர் போனால், குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சட்டம் சொல்கிறது.

யாரிடம் சொல்வது? ஊரில் நடந்தால் அந்தப் பகுதியின் உணவு பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். அவருக்கு மேல் அதிகாரி நியமன அலுவலர். பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒருவர் இருப்பார். தொலைபேசியிலும் சொல்லலாம். மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800 11 2100. செல்போனில் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ என்ற செயலி உண்டு. அதில் படத்தோடு புகார் அனுப்பலாம். கடைக்கு உரிம எண் இல்லை என்றாலும் புகார் கொடுக்கலாம். எண் இல்லாததே ஒரு குறைதான்.

கடையில் எதைப் பார்ப்பது? சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆவி பறக்க இருந்தால் நல்லது. குளிர்ந்த உணவு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நெடுநேரம் கிடந்த உணவு ஆபத்து. செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயில் பொரித்ததை வாங்காதீர்கள்.

ஒரு கடையின் தவறு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. 2022-ஆம் ஆண்டு கேரளத்தில், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில், ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தார்கள். 16 வயது மாணவி ஒருத்தி இறந்து போனாள். ஷிகெல்லா என்ற கிருமி நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தடை போட்டது. பார்சலில் தயாரித்த நேரத்தை ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது.

நினைவில் வையுங்கள்

• முதலில் நோயாளியைக் காப்பாற்றுங்கள். பிறகு புகார்.
• மிஞ்சிய உணவைக் கொட்டாதீர்கள். மூடித் தனியாக வையுங்கள். முடிந்தால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். யாரும் சாப்பிடக் கூடாது.
• பில் கேட்டு வாங்குங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.
• அன்றே தகவல் சொல்லுங்கள். நாள் போனால் சாட்சி போகும்.
• கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பகைக்காகப் பொய்ப் புகார் எழுதாதீர்கள்.
• மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

பேசிப் பாருங்கள்

1. குழம்பில் கெட்ட வாடை இல்லை. ஆனாலும் அது நோயைத் தந்தது. எப்படி?
2. ஒரு கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்கு ஆகிறது. மூன்று மணி நேரத்தில் எத்தனை ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
3. காவேரியின் முதல் கடிதத்துக்கும் இரண்டாம் கடிதத்துக்கும் என்ன வேறுபாடு?
4. “என் வயிற்றில் அடிக்காதே” என்றாள் அஞ்சலை. பிறகு அவளே “எழுது” என்றாள். அவள் மனம் ஏன் மாறியது?
5. காவேரி செய்தது சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நீங்களே எழுதுங்கள்

உங்கள் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். 14 இலக்க எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதைக் கீழே எழுதுங்கள்.

_ _ _ _ _ _ _ _ _ _ _ _ _ _

அந்தக் கடையில் நன்றாக இருக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். சரி செய்ய வேண்டியது ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். நாளும் நேரமும் போட மறக்காதீர்கள்.